ஊறல் கணக்கும் உயிர்க் கணக்கும்

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நாட்டப்பெற்றது. பூசலில் பட்ட வீரன் ஒருவனுக்கு எடுத்த அக்கல்லில் அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு மறவாமல் பொறித்திருக்கிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த நாயின் பெயர் தெரிகிறது. தொல்லியல் துறையினர் படித்துப் பதிப்பித்த செங்கம் நடுகற்களுள் இவ்வொன்றை மட்டும் கண்டாலே, இந்நிலப்பகுதியின் பழைய மக்கள் இறந்தாரை எவ்வாறு எண்ணினர் என்பது விளங்கும். யார், யாருடைய சேவகன், எந்த ஊரில், எதன்பொருட்டுப் பட்டான் என்னும் நான்கும் கல்லில் இருக்கும்.

அங்கிருந்து தெற்கே தென்பெண்ணையைக் கடந்தால் கல்வராயன் மலைத்தொடர். இம்மலை அண்மைக் காலத்தில் நாளிதழ்களில் இடம்பெறும் முறை வேறு. மலையில் தீவிர மதுவிலக்கு வேட்டை நடத்தப்பட்டது, இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் கண்டுபிடித்து அழிக்கப்பட்டது, இத்தனை பேரல்கள் உடைக்கப்பட்டன, தப்பியோடியவர்கள் தேடப்படுகின்றனர். ஆண்டுதோறும் வெளிவரும் இச்செய்திகளின் இலக்கணம் ஆராயத்தக்கது. வினை முழுவதும் செயப்பாட்டு வினை. அளவு துல்லியமாக உண்டு. ஆனால் அளக்கப்படுவது நீர்மம். கைதானவர்க்கு ஒரு பெயரும் வயதும் கிடைக்கலாம். ஓடியவர் வீட்டில் என்ன ஆயிற்று, உடைபட்டவை பேரல்கள் மட்டும்தானா, அன்றிரவு உலை வைத்தவர் யார் என்பனவற்றுக்கு அத்தொடரில் இடமில்லை.

வேட்டை என்னும் சொல்லாட்சியும் கவிஞர்தம் காதுக்கு உறுத்தலாகவே படும். குறிஞ்சித் திணைக்குரிய தொழில் வேட்டை. வேட்டுவன் அம்மலையின் மகன். இன்று அச்சொல்லுக்கு எழுவாய் சீருடையணிந்து கீழிருந்து மேலேறுகிறது. மலைமகன் செயப்படுபொருளாகி நிற்கிறான். சொல் ஒன்று தன் இடத்தை விட்டுப் பெயர்ந்த இக்கதையே கல்வராயன் மலையின் மதுவிலக்கு வரலாறு எனலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன், வடக்கே சவ்வாது மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் இடையே, சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களைப் பிரித்து நிற்பது. மலையின் உச்சிவழியே மாவட்ட எல்லை ஓடுகிறது. மேற்கே கருமந்துறை சேலத்தைச் சார்ந்தது. கிழக்கே வெள்ளிமலை கள்ளக்குறிச்சியைச் சார்ந்தது. கோமுகி ஆறு கிழக்குச் சரிவில் பிறந்து கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்கிக் கள்ளக்குறிச்சி நகரை ஒட்டி ஓடுகிறது. இம்மலைவாழ் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்க்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சியிலிருந்து குடிபெயர்ந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் என்று இவர்தம் மரபுக் கதை கூறும். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய பெருந்தொகுதியில் இக்கதை பதிவாகியுள்ளது.

ஆள்பவர் என்று பெயர் பெற்றாரே தவிர, அவர் மலையை ஆளவில்லை. சேலம் பக்கத்தில் சின்னக் கல்ராயன், பெரிய கல்ராயன் என்றும், கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் பெயர்களாலும் வழங்கிய ஜாகீர்களின் கீழ் மலை இருந்தது. விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் அளித்த கொடை என்பது ஜாகீர்தாரர் பக்கத்து மரபு. நாடு விடுதலை பெற்றது 1947-இல். மலை அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது 1976-ஆம் ஆண்டு சூன் 25 அன்று. இடைப்பட்ட 29 ஆண்டுகளும் மலையடிவாரம் வரையில்தான் குடியரசு இருந்தது என்று சொன்னால் மிகையன்று. கூலியில்லா உழைப்பும் ஜாகீர் வரியும் அதுவரை நீடித்தன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976-ஆம் ஆண்டில்தான். ஆகவே இம்மக்கள் அரசு என்பதை அறிந்த வழி பள்ளியோ மருத்துவமனையோ அன்று. முதலில் வனத்துறை, அடுத்துக் காவல்துறை.

இனி மதுவைப் பற்றி. நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம் என்பர். அவனைப் பாடும் மலைபடுகடாம், மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை மலைவாழ்நர் விருந்தினர்க்கு அளித்த செய்தியைக் கூறுவது இலக்கிய வட்டத்தார்க்குப் புதிதன்று. அத்தேறலையும் இன்றைய சாராயத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழம்பெருமை பேசுவது தவறு. தேறல் விருந்துக்குரியது, விளைவித்தவரே அருந்தியது. காய்ச்சி வடித்த சாராயம் விற்பனைக்குரியது. இடையில் நிகழ்ந்தது 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம். குடியை அச்சட்டம் தடுக்கவில்லை, உரிமத்துக்கு உட்படுத்தியது. கள்ளும் சாராயமும் ஏலத்துக்கு வந்தன. நாளடைவில் நிலவரியை அடுத்த பெருவருவாயாக ஆப்காரி வளர்ந்தது. உரிமமுள்ள சாராயம் ஒன்று பிறந்த அன்றே உரிமமில்லாத சாராயமும் பிறந்தது. கள்ளச்சாராயம் என்பதில் உள்ள கள்ளம் சுவையையோ நஞ்சையோ குறித்ததன்று. வரி கட்டாமையைக் குறித்தது.

விடுதலை இயக்கம் இவ்வருவாயைப் பாவப்பணம் என்றது. ஈரோட்டில் கண்ணம்மாளும் நாகம்மையாரும் 1921-இல் கள்ளுக்கடை மறியலில் நின்றதும், பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் தமிழகம் அறிந்தவை. திருச்செங்கோட்டுப் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியராக இருந்தார் என்பது தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் உரிய செய்தி. குடியால் சீரழிந்த குடும்பத்தை இரக்கத்தோடு காட்டும் கதைமரபு ஒன்று அங்கே வேரூன்றிற்று. காய்ச்சுபவனின் குடும்பம் அம்மரபுக்கு வெளியே நின்றுவிட்டது.

சென்னை மாகாண முதலமைச்சரான ராஜாஜி 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் முழு மதுவிலக்கைத் தம் சொந்த மாவட்டமான சேலத்தில் தொடங்கினார். அடுத்தடுத்துச் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இழந்த வருவாய்க்கு மாற்றாக 1939-இல் விற்பனை வரி வந்தது. சேலத்தில் விளைந்த நன்மைகள் மெய்யானவை. கூலி வீடு வந்து சேர்ந்தது, கடன் குறைந்தது என்பன போன்ற செய்திகள் அக்காலத்தில் நிறையவே பதிவாயின. எனினும் நிலப்படத்தை நோக்குக. தென்னார்க்காடு மாவட்டம் அப்போது மதுவிலக்குக்கு உட்படவில்லை. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம். கிழக்குச் சரிவு தென்னார்க்காடு. ஒரே மலை, ஒரே மக்கள், கொள்வினை கொடுப்பினை உடைய ஒரே உறவுமுறை. உச்சிக்கோட்டுக்கு மேற்கே குடிப்பது குற்றம். கிழக்கே அரசே உரிமம் தந்து விற்கும் பண்டம். சட்டம் வரைந்த கோடு மலைமீது எல்லையாக விழுந்தது இதுவே முதன்முறை. இக்கோடு மீண்டும் ஒருமுறை இக்கட்டுரையில் வரும்.

போர்க்கால ஆளுநர் ஆட்சி 1943-இல் மதுவிலக்கைக் கைவிட்டது. 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் கள்ளும் சாராயமும் திரும்பின, 1987-இல் மறைந்தன, 1990-இல் மலிவு விலை மது வந்து 1991-இல் போயிற்று. 2001 இறுதியில் பண்ருட்டிப் பகுதியில் நச்சுச் சாராயத்துக்கு 50-க்கும் மேற்பட்டோர் பலியான பின் மலிவு விலை மது மீண்டும் சிறிது காலம் தலைகாட்டியது. 1983-இல் மொத்த வணிகத்துக்கென அமைந்த டாஸ்மாக் 2003-இல் சில்லறைக் கடைகளையும் ஏற்றது. இவ்வாண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நோக்கினால் போதும்: சமவெளியின் கடை திறந்த ஒவ்வொரு முறையும் மலைச் சாராயம் அரசுக்கு வருவாய்ப் போட்டியாயிற்று, கடை மூடிய ஒவ்வொரு முறையும் சட்டப் பகையாயிற்று. கடை திறந்தாலும் மூடினாலும் மலைக்கு வந்தது வேட்டைதான்.

சாராயத் தொழிலின் நடைமுறையை அறிந்தாலன்றி இழப்பு யாருடையது என்பது புலப்படாது. வெல்லம் சமவெளியிலிருந்து மேலே போகிறது. கள்ளக்குறிச்சிப் பகுதி கரும்பு விளையும் மண், கூட்டுறவு ஆலைகளும் வெல்ல ஆலைகளும் கொண்டது. மலையில் கடுக்காயும் வேலம்பட்டையும் கிடைக்கும். ஓடையருகே பேரலில் ஊறல் போட்டு, நாள்கள் கழித்துக் காய்ச்சி வடித்து, லாரி டியூபில் அடைத்துத் தலைச்சுமையாகவோ இருசக்கர வண்டியிலோ கீழே இறக்குவர். முதல் போடுபவரும் மொத்தமாக வாங்குபவரும் பெரும்பாலும் சமவெளியார். விறகும் நீரும் இரவு விழிப்பும் மலையாருடையவை. பிடிபடும் உடலும் அவருடையதே. கடுக்காயை மூட்டை கட்டி விற்றால் சிறுவன மகசூல். அதே கடுக்காய் பேரலில் விழுந்தால் வழக்கு. சாமை, தினை, மரவள்ளி தவிர வேறு வருவாய் அரிதான மலையில், கைக்காசு தந்த தொழில் இதுவாயிற்று. நிலத்துக்குப் பட்டா கேட்டவர்க்கு அது எளிதிற் கிடைக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பின்னும், நீதிமன்றத் தடையால் தமிழகத்தில் உரிமைப் பட்டா வழங்கல் 2016 வரை நின்றிருந்தது.

இச்சாராயம் மலைக்குள்ளும் வீடுகளைக் குலைத்தது என்பதை மறைக்கலாகாது. காய்ச்சும் ஊரில் குடிப்பவரும் இருப்பர். அடிபடும் மனைவி, பள்ளி நின்ற பிள்ளை, இளமையிலேயே கெட்ட ஈரல் ஆகியவையும் உயிர்க் கணக்கில் சேர வேண்டியவையே. மதுவிலக்கை வேண்டி முதலில் குரலெழுப்புபவர் எங்கும் பெண்களே. ஆனால் அப்பெண்கள் கேட்டது சாராயம் நிற்க வேண்டும் என்பது. அவர்களுக்குக் கிடைத்ததோ, ஆண்கள் காட்டுக்குள் ஓடிய வீட்டில் விசாரணைக்குத் தனியே பதில் சொல்லும் நிலை.

சட்டமும் தன் சொற்களால் மலையாரைச் சுட்டியது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் எண் சட்டத்தை மக்கள் குண்டர் சட்டம் என்பர். அதன் முழுப்பெயரில் முதலில் நிற்பவர் குண்டர் அல்லர், கள்ளச்சாராயக்காரர். வனக் குற்றவாளி பின்னர்ச் சேர்க்கப்பட்டார். நீதிமன்ற விசாரணையின்றி ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க இச்சட்டம் இடந்தரும். சாராயமும் மரமும் தவிரப் பிற தொழில் வாய்ப்பற்ற மலைக்கிராமத்தான் ஒருவன், அப்பட்டியலில் ஒன்றுக்கு இரண்டு பெயர்களுக்கு உரியவனாகிறான்.

மலையில் வேட்டை என்ற பெயரில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு ஐயமற்ற ஆவணம் ஒன்றே ஒன்று முழுமையாக உள்ளது. அது கல்வராயனுக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 சூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி அவ்வூருக்குள் புகுந்தோர் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. பெண்கள் 18 பேர் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியமும் கால்நடையும் அழிந்தன, கைதானவருள் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். அரசுப் பதிவேட்டில் அன்று ஏறியது சந்தனக்கட்டை பறிமுதல். அது மட்டுமே ஏறியிருந்தால் வாச்சாத்தியும் கிலோகிராம்களாக முடிந்திருக்கும்.

முடியாமற் போனதற்குக் காரணம் சிலர் எழுதி வைத்ததுதான். பழங்குடி மக்கள் சங்கத்தார் ஊருக்குச் சென்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்தனர். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் ஆய்ந்து அறிக்கை தந்தார். வழக்கு 1995-இல் மத்தியப் புலனாய்வுக் கழகத்திடம் சென்றது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதிற் பாதியைக் குற்றம் புரிந்தோரிடமிருந்து பெறவும் ஆணையிட்டது. 31 ஆண்டுகள் நிலைத்து நின்றது அப்பெண்களின் வாய்மொழி. அதை எழுத்தாக்கிய தாள்கள் இல்லையேல் தீர்ப்பும் இல்லை.

சாராய வேட்டை கடுமையாகும்போது மலையார் கை வேறு வேலை தேடும். ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டும் கூலி அவ்வேலைகளுள் ஒன்று. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தார். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மிதந்த ஐந்து உடல்கள் கல்வராயன் மலைக் கருமந்துறைப் பகுதியினருடையவை. இவை மதுவிலக்கின் நேரடிப் பலிகள் அல்ல. எனினும் ஊறல் அழிந்த ஊர்களின் வறுமையை அறியாமல் இச்சாவுகளை விளங்கிக்கொள்ள இயலாது.

இனி அந்த எல்லைக்கோட்டுக்கு வருவோம். 2021 சூனில் கொரோனா இரண்டாம் அலை தணிந்தபோது, தமிழகத்தின் 27 மாவட்டங்களில் டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. தொற்று மிகுந்த 11 மாவட்டங்களில் திறக்கப்படவில்லை. சேலம் மூடிய பட்டியலில் இருந்தது. கள்ளக்குறிச்சி திறந்த பட்டியலில். 1937-இன் கோடு அப்படியே மீண்டது. சூன் 22 அன்று சேலம் மாவட்டத்துச் சிறுவணிகர் ஒருவர் நண்பர்களோடு கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கம் சென்று திரும்புகையில், பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டார். வாய்த் தகராறு தடியடியாயிற்று. நடுச்சாலையில் அவர் அடிபட்டு விழும் காட்சியை உடன் வந்தோர் கைப்பேசியில் பதிந்தனர். மறுநாள் அவர் இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் கொலை வழக்கில் கைதானார். அரசு நிதியுதவி அறிவித்தது. அக்காட்சிப் பதிவு இல்லையென்றால், குடிபோதையில் தவறி விழுந்தவர் என்று ஒரு வரியில் அச்சாவு முடிந்திருக்க இடமுண்டு. இறந்தவர் குடும்பம் கண்ட கொடுமைக்கு ஒரு கைப்பேசி கல்வெட்டாயிற்று.

அதே மாதத்தில் வேலூர் மாவட்ட மலைக்கிராமம் ஒன்றில் சாராய வேட்டைக்குச் சென்ற காவலர்கள், பூட்டிய வீட்டில் இருந்த பணத்தையும் நகையையும் எடுத்துச் செல்ல, ஊரார் வழிமறித்துப் பிடித்தனர். காவலர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. அங்கே சாட்சி நின்றது ஊர் முழுவதும் கூடியதால்.

2024 சூன் 18, 19 நாள்களில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் நிகழ்ந்ததை இத்தொகுப்பின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்றாடக் கூலிகள் வாழும் தெருக்கள். நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தொலைவில். டாஸ்மாக் குவார்ட்டரின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்த பாக்கெட்டை வாங்கிக் குடித்தோரில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் அவருள் இருந்தனர். கணவன் மனைவி இருவரையும் இழந்த வீடுகள் உண்டு. முதற் சாவுகள் நிகழ்ந்தபோது, சாராயம் காரணமன்று, வேறு உடல்நலக் குறைகளே காரணம் என்று மாவட்ட நிர்வாகம் கூறியது. இழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டைக் குடித்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுவை மருத்துவமனைகளின் படுக்கைகள் நிரம்பின. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் அடுக்கப்பட்டன.

கொன்றது மெத்தனால். ஊறலில் ஊறி வடிந்த சாராயமன்று. ஆலைகளுக்கு உரிய மூலப்பொருள், தண்ணீரில் கலந்து விற்கப்பட்டது. உடலுக்குள் சென்ற மெத்தனாலை ஈரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்கும்; இரத்தத்தைப் புளிக்கச் செய்து மூச்சை நிறுத்தும். குடித்த சில மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது என்பதே இதன் கொடுமை. பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொல்லும்போது, மருந்துக்கும் டயாலிசிசுக்கும் எஞ்சிய பொழுது மிகச் சிறிது. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அரசு இதை அறியாததன்று. எரிசாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகள் தமிழகத்தில் 1959-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டவை.

எனினும் கருணாபுரத்துச் சிதைகள் அணையுமுன்பே காவற்படை கல்வராயன் மலையேறியது. பேரல்கள் உடைந்தன, ஊறல் ஓடையில் கொட்டப்பட்டது, லிட்டர்கள் அறிவிக்கப்பட்டன. மெத்தனால் வந்த வழியோ ஆலை, கிடங்கு, லாரி, இடைத்தரகர் என்று சமவெளியிலேயே இருந்தது. ஊறலைத் தேடிப் பிடிப்பது எளிது. பேரல் பெரியது, புகை தெரியும், காய்ச்சுபவன் ஏழை. ஆலைப் பதிவேட்டில் குறையும் டிரம்மைத் தேடுவதற்குக் கணக்குப் பயிற்சியும் துணிவும் வேண்டும். மலையைத் தண்டித்ததால் நகரம் பாதுகாப்புப் பெற்றதா என்ற கேள்வியை அந்த லிட்டர்க் கணக்கு எழவே விடவில்லை.

அமெரிக்க நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோது ஏறத்தாழ இதே நிலை நேர்ந்தது. ஆலைச் சாராயத்தைக் குடிக்க முடியாததாக்க அரசே மெத்தனாலைக் கலக்கச் செய்தது. 1927-இல் அதன் அளவைக் கூட்டியது. குடித்தவர் இறந்தனர். நியூயார்க் நகரத் தலைமைப் பிணக்கூறு மருத்துவர் சார்லஸ் நோரிஸ், தம் வேதியியல் வல்லுநர் கெட்லரைக் கொண்டு ஒவ்வொரு சடலத்தையும் ஆய்ந்து எண்ணிக்கையை வெளியிட்டார். இச்சாவுகளுக்கு அரசுக்கும் அறப்பொறுப்பு உண்டு என்று வெளிப்படையாகக் கூறினார். அண்மைக் காலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டில் 2016 முதல் நடந்த போதைப்பொருள் ஒழிப்புப் போரில், காவல்துறை நடவடிக்கைகளில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அரசே ஒப்பியது. உண்மை அதனினும் மிகப் பெரிது என்பர் மனித உரிமையாளர். தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகளை ஆய்ந்த தடயவியல் மருத்துவர் ராக்குவெல் ஃபோர்துன், இயற்கைச் சாவு என்று சான்றிதழ் பெற்ற சிலரின் எலும்புகளில் குண்டு துளைத்த அடையாளங்களைக் கண்டார். அந்நாட்டின் முன்னாள் அதிபர் துதர்த்தே 2025 மார்ச்சில் கைதாகித் தி ஹேக் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதற்குப் பின்னே இத்தகைய பதிவுகள் நிற்கின்றன. நியூயார்க்குக்கும் மணிலாவுக்கும் கருணாபுரத்துக்கும் வேறுபாடுகள் மிகுதி. சாவுச் சான்றிதழில் முதலில் என்ன எழுதப்படுகிறது என்பதில் மட்டும் மூன்றும் ஒன்று.

கருணாபுரம் நிகழ்ந்த பின் மதுவிலக்குச் சட்டம் 2024 சூன் இறுதியில் திருத்தப்பட்டு, சாவுக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கப்பட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. வழக்கை மாநிலப் புலனாய்விலிருந்து மத்தியப் புலனாய்வுக் கழகத்துக்கு மாற்றி 2024 நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் திசம்பரில் தள்ளுபடி செய்தது. இவற்றினும் குறிப்பிடத்தக்கது வேறொன்று. 2024 சூலையில் உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை எங்கே, மருத்துவமனை எங்கே, பள்ளி எங்கே, 1976-க்குப் பின் என்ன செய்யப்பட்டது என்று அது அரசைக் கேட்டது. ஊறலைப் பற்றிய செய்திகளுக்கு நடுவே ஊரைப் பற்றிய வினா ஒன்று நீதிமன்றக் கோப்பில் ஏறியது.

கருணாபுரத்தில் இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், படிப்புச் செலவும் அறிவிக்கப்பட்டன. ஆகவே அப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பெயரும் பிறந்த நாளும் உள்ள கணக்கு ஒன்று உண்டு. அவருள் இளையவர் பதினெட்டு வயதை எட்டும்வரை அக்கணக்கு முடிக்கப்படாது.